சாலைக் கடைத்தெருவும் எங்கள் வீட்டுச் சீனிக் கதையும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர்களைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் அது வெறும் பட்டியலாகப் போய்விடும் என்று தெரிந்துவிட்டது. பட்டியல் போட நம்மிடையே ஆட்கள் உண்டு. என்னைவிட நன்றாகவே போடுவார்கள். ஆகவே ஒரே ஒரு தெருவையும், அதை எழுதிய ஒருவரையும், அந்தத் தெருவில் முப்பது வருஷம் தலைச்சுமை எடுத்த இன்னொருவரையும் வைத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். தெரு, சாலைக் கடைத்தெரு. எழுதியவர் ஆ. மாதவன். சுமை எடுத்தவர் என் அப்பா.

அப்பா மாதவனைப் படித்ததில்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலையாளத்தில் பஸ்ஸின் போர்டு படிப்பார். அது போதும் என்பார்.

எங்கள் ஊர் குன்னத்துகால். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. நாங்கள் இப்புறம் நின்றுவிட்டோம். அம்மா பிறந்த வீடு பளுகலில். நடந்தே போய் வரும் தூரம்தான். ஆனால் அது வேறு மாநிலம். எல்லை பிரிந்து இரண்டு வருஷம் கழிந்து பிறந்த எனக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடையில் இரண்டும் என்று ஆயிற்று. தமிழ் எழுத்து எனக்கு அம்மா சிலேட்டில் கற்றுத் தந்தது. அஞ்சாம் வகுப்பு வரை அவள் படித்த தமிழ்ப் படிப்பு எனக்கு அப்படியே வந்து சேர்ந்தது. பின்னாளில் நான் கணக்கு வாத்தியாராகி மலையாளத்தில் முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். மனக்கணக்கு மட்டும் இன்னும் தமிழில்தான் ஓடுகிறது.

திருவனந்தபுரம் என்றதும் வெளியூர்த் தமிழர்களுக்குப் பத்மநாப சுவாமி கோயிலும், அரண்மனையும், செயலகமும் நினைவுக்கு வரும். உத்தியோகஸ்தர்களின் நகரம் என்று பெயர். எங்களுக்கு அது தொழிலாளிகளின் நகரம். குன்னத்துகாலிலிருந்து அமரவிளைக்கு இறங்கி, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் வழியாகக் கரமனைப் பாலம் தாண்டினால் கிள்ளிப்பாலம். அங்கிருந்து கிழக்கேகோட்டை வரை நீண்டு கிடப்பதுதான் சாலை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய கடைத்தெரு. நாஞ்சில் நாட்டு நெல் வண்டி கட்டி வந்து இறங்கிய இடம். மல்லி, வத்தல், பெருங்காயம், கருவாடு, சர்க்கரை, இரும்பு, வெண்கலப் பாத்திரம் என்று பத்தடிக்கு ஒரு மணம் மாறும். வாங்குகிறவர்களுக்குத்தான் அது மணம். அப்பாவின் துண்டில் அது எல்லாம் கலந்து ஒரே நாற்றமாக இருக்கும்.

அப்பா திங்கட்கிழமை விடியக்காலம் போனால் சனிக்கிழமை இரவு கடைசி வண்டிக்குத்தான் வருவார். இடைப்பட்ட இரவுகளில் ஏதாவது ஒரு கடைத்திண்ணை. சனிக்கிழமை இரவு எங்களுக்குத் திருவிழா. மரச்சீனியும் சாளை மீனும், பிறகு கருப்பட்டிக் காப்பி, பிறகு கதை. அப்பாவிடம் இருந்தது மொத்தம் நாலைந்து கதைகள். அவற்றையே மாற்றி மாற்றிச் சொல்வார். அதில் தலையாயது சீனிக் கதை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே அதுதான். தங்கச்சியின் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

1966-ஆம் வருஷம். கேரளம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு, ரேஷன் காலம். பனச்சமூடு சந்தைக்குப் போய் அரிசியை மடியில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடந்து வந்த பெண்கள் அந்நாளில் எங்கள் தெருவிலேயே உண்டு. சீனி கிட்டுவதும் அரிது. அந்த நேரத்தில் அப்பா ஒரு மொத்தக் கடைக்கு லாரியிலிருந்து சீனி மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார். நூறு கிலோ மூட்டை. இரண்டு பேர் தூக்கிவிட ஒருவர் தலையில் ஏற்ற வேண்டும். மூட்டை லாரியின் கொக்கியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. சீனி மழையாகக் கொட்டுகிறது! அப்பாவின் தலை, தோள், மீசை எல்லாம் வெள்ளை. தெருவே ஓடி வருகிறது. பிள்ளைகள் நிக்கரில் வாரிக் கட்டுகிறார்கள். ஒரு மாடு வந்து நக்குகிறது. ஒரு காக்கா அப்பாவின் தலையிலேயே உட்கார்ந்து தின்கிறது. முதலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்து, "கொட்டினது கொட்டியாச்சு, வேண்டியதை அள்ளிக்கோடே" என்கிறார். அப்பா துண்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அம்மா பாயசம் வைக்கிறாள். கதை இங்கே முடிந்து, பாயசம் எப்படி இருந்தது என்று நாங்கள் மூன்று பேரும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பாயசத்தை இன்றும் கண்ணில் காண்கிறேன். நல்ல செம்பழுப்பு, மேலே தேங்காய்ப்பால் திரிந்து நிற்கும். அதைப்போல ஒன்றைப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் நான் குடித்ததில்லை.

இந்த இடத்தில் நம் மலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மன்னிக்க வேண்டும், குறையாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நம் மலரில் பிள்ளைப்பருவ நினைவுகள் என்று மூன்று கட்டுரையாவது வருகிறது. எல்லாவற்றிலும் பாட்டி, திண்ணை, புளியமரம், தாத்தாவின் சாய்வு நாற்காலி. நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் சீனிக் கதையை எழுதி, எளியவர்களிடம் இருந்த மகிழ்ச்சி இன்று இல்லையே என்று முடித்தேன். பலர் பாராட்டினார்கள். அந்தக் கட்டுரையில் அப்பாவின் தொழில் என்ன என்று நான் எழுதவில்லை. 'சாலையில் வேலையாக இருந்தார்' என்று எழுதினேன். படித்தவர்கள் அவர் கடை வைத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை.

மாதவனின் 'கடைத்தெருக் கதைகள்' 1974-இல் வந்தது. நான் அதைப் படித்தது கல்லூரியில், 1978-இல். நூலகத்தின் தமிழ் அலமாரி மூலையில் இருந்தது. எடுத்தவர் யாரும் இல்லை போல, தாள் ஒட்டிக்கொண்டு இருந்தது. முதலில் என்னை நிறுத்தியது மொழிதான். சென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் மாதவனின் மலையாளம் கலந்த தமிழைப் பற்றிக் குறைப்படுவதுண்டு. அடிக்குறிப்பு இல்லாமல் புரியவில்லை என்பார்கள். எனக்கு அது நேர்மாறு. அச்சில் வந்த தமிழ் ஒன்று முதன்முதலாக அடிக்குறிப்பு இல்லாமல் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு அது. மாதவனும் மலையாளப் பள்ளியில் படித்தவர், தமிழைத் தானாகவே கற்றுக்கொண்டவர், சாலையிலேயே கடை வைத்திருந்தவர் என்றெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். மலையாளத்திலிருந்து பி. கே. பாலகிருஷ்ணனின் நாவலை 'இனி நான் உறங்கட்டும்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இரண்டையும் பிரித்து வைக்கத் தெரியாமல் கலந்து எழுதினார் என்று நினைப்பது தவறு. தெரு எப்படிப் பேசியதோ அப்படி எழுதினார்.

இரண்டாவதாக என்னை நிறுத்தியது அந்தத் தெருவில் இருந்த மனிதர்கள். எனக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை! அப்பா சொன்ன சாலையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாதவனின் சாலையில் பசி இருந்தது, களவு இருந்தது, சாராயம் இருந்தது, உடம்பை விற்றுப் பிழைத்த பெண்கள் இருந்தார்கள். 'எட்டாவது நாள்' கதையின் சாளைப்பட்டாணி கடைத்தெருவை ஆட்டிப் படைத்த ரவுடி. சாகக் கிடக்கிறான், கிடந்த கிடையில் தன் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கிறான். சாகிறவன் திருந்திவிட்டான் என்று எழுதிவிட்டால் வாசகனுக்கு நிம்மதி. மாதவன் அந்த நிம்மதியைத் தருவதில்லை. அவனைத் திட்டுவதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல எழுதிக்கொண்டு போகிறார். 'பாச்சி' கதையில் நாணு என்பவனுக்கு உலகத்தில் உறவென்று இருப்பது ஒரு நாய். அந்த நாய் செத்துப்போகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு மனிதனுக்கு நாயைத் தவிர வேறு யாரும் இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வியை அவர் கேட்பதே இல்லை; நம்மைக் கேட்க வைத்துவிடுகிறார்.

'நாயனம்' பலருக்கும் தெரிந்த கதை. சாவு வீடு. நாயனம் இல்லாமல் பிணத்தை எடுக்கக் கூடாது. தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. செத்தவரைப் பற்றிய துக்கம் போய், இந்த வாசிப்பு எப்போது நிற்கும் என்பது எல்லாருக்கும் துக்கமாகிவிடுகிறது. அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், வாசிக்கத் தெரியாத அந்த மனிதன் ஏன் வந்தான், அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று தோன்றியது. கதையின் சிரிப்பு கூட்டத்தின் பக்கம் இருக்கிறது. வலி அந்த ஆளின் பக்கம் இருக்கிறது. மாதவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். நம் வீட்டுக் கதைகளில் இந்த நடு இடம் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உறைத்தது 1996-இல். அப்பா இறந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவரோடு சுமை எடுத்த ஒருவர் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நானாகத்தான் சீனிக் கதையை எடுத்தேன். அவருக்கும் அது சிரிப்பாக இருக்கும், துக்கம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "சாரே, கொக்கியும் இல்ல ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். சொன்னா வேற ஆள் கேறும்னு சொல்லாம எடுத்தாரு. படியில கால் இடறிச்சு. மூட்டை ஓடையில போச்சு" என்றார். முதலாளி சிரிக்கவும் இல்லை. கணக்கப்பிள்ளை ஓங்கி அடித்தார். மூன்று வாரக் கூலியைச் சீனிக்கு என்று பிடித்துக்கொண்டார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசு வராமல் அப்பா மூன்று சனிக்கிழமை சாலையிலேயே கிடந்தார். கூட இருந்தவர்கள் வாங்கிக் கொடுத்த சாயாவும் கஞ்சியும்தான். அந்தக் கடையின் பெயரை அவர் சொன்னார். எனக்கு அது இங்கே தேவையில்லை.

அன்றிரவு 'கடைத்தெருக் கதைக'ளை மறுபடி எடுத்துப் படித்தேன். 1978-இல் எனக்கு அடையாளம் தெரியாத மனிதர்கள் எல்லாரும் இப்போது தெரிந்த முகமாக இருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை என் அப்பா மாதவனின் கதாபாத்திரம். சனிக்கிழமை இரவு மட்டும்தான் அவர் எங்கள் அப்பா.

அப்போதிருந்து குடும்பக் கதை என்றாலே எனக்கு ஒரு சந்தேகம். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) நாவலை அந்தச் சந்தேகத்தோடுதான் திரும்பப் படித்தேன். இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. உண்ணாமலை ஆச்சி சொல்லும் பழங்கதைகளைக் கேட்டு வளர்கிறான் திரவி. பலரும் அந்த ஆச்சியைக் கொண்டாடுவார்கள். நம் பாட்டியைப் போலவே இருக்கிறாள் என்பார்கள். இருக்கிறாள்தான். ஆனால் ஆச்சியின் கதைகள் எந்தக் குலப் பெருமையைப் பாடுகின்றனவோ அதே வழக்கங்கள்தான் திரவியின் அக்கா நாகுவின் வாழ்க்கையை அழிக்கின்றன. கதை கேட்ட பையன் அந்தக் கதைகளோடேயே மல்லுக்கு நிற்க வேண்டியதாகிறது. பாட்டி கதை சொன்னாள் என்று எழுதி நிறுத்துகிறவர்கள் நாவலில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நம் மண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது. அங்கேயும் பழைய வீட்டின் பெருமை ஒரு பக்கம், பனையேறியின் மகன் தங்கராஜ் மறுபக்கம், நடுவில் லிஸி.

பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) இதே நகரத்தை எழுதிய நாவல்தான். ஆனால் அதன் அனந்தன் நாயர் நடக்கும் நகரம் கோட்டையும் கோயிலும் உத்தியோகமும். மனைவி பிரிந்துபோன மனிதன் தன் ஐம்பதாவது பிறந்தநாளில் ஊரைச் சுற்றிச் சுற்றி நினைத்துப் பார்க்கிறான். நல்ல நாவல். என் அப்பா அந்த நாவலுக்குள் மூட்டையோடு நுழைந்தால் அனந்தன் நாயர் ஒதுங்கி வழிவிட்டிருப்பார், அவ்வளவே. ஒரே நகரம் இரண்டு எழுத்தாளர்களுக்கு இரண்டு நகரமாக இருந்தது. இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது: பத்மநாபனுக்கு 2007-இல் 'இலையுதிர் காலம்' நாவலுக்கு, மாதவனுக்கு 2015-இல் 'இலக்கியச் சுவடுகள்' கட்டுரை நூலுக்கு. மாதவனின் கதைகளுக்குக் கிடைக்காமல் கட்டுரைகளுக்குக் கிடைத்தது எனக்கு இன்றும் ஒரு மனத்தாங்கல். 2010-இல் முதல் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது கொஞ்சம் ஆறுதல். அவரைப் பற்றி ஜெயமோகன் எழுதிய நூலுக்குப் பெயர் 'கடைத்தெருவின் கலைஞன்'. பெயர் பொருத்தம்தான். 2021 ஜனவரியில் மாதவன் காலமானார்.

இவ்வளவு சொல்லிவிட்டு மாதவனிடம் எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய கடைத்தெருவில் சனிக்கிழமை இல்லை. அதாவது, கடைசி வண்டி பிடித்து வீட்டுக்குப் போகிறவன் இல்லை. என் கணிப்பு இது: கல்லாவில் இருந்துகொண்டு தெருவைப் பார்த்த கண் அது. ஷட்டர் விழுந்த பிறகும் தெருவிலேயே தங்குகிறவர்கள் அந்தக் கண்ணில் நன்றாகப் பட்டார்கள். சாலையையே வீடாகக் கொண்ட பட்டாணியும் நாணுவும் அவர் கையில் உயிரோடு எழுந்து வந்தார்கள். கரமனைப் பாலம் தாண்டிக் கிழக்கே போனவர்கள் பாலத்தோடு மறைந்துவிட்டார்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று எத்தனை ஊர்களின் அடுப்பு அந்தத் தெருவை நம்பி எரிந்தது! வாரம் முழுக்க அடி வாங்கியவன் சனிக்கிழமை இரவு துண்டை உதறிப் போட்டுவிட்டு மூன்று பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிக் கதாநாயகன் ஆகிறான் என்பது மாதவன் எழுதாத கதை. எழுதியிருந்தால் வேறு யாராலும் முடியாதபடி எழுதியிருப்பார் என்பதால்தான் குறை சொல்கிறேன்.

குடும்பம் அவர் எழுத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. 'புனலும் மணலும்' நாவல் ஆற்றில் மணல் வாரிப் பிழைப்பவர்களைப் பற்றியது. அங்குசாமி மூப்பன், அவன் மனைவியின் மகள் பங்கி. பங்கி அழகில்லாதவள். அந்த ஒரு காரணத்துக்காக அவளை வெறுக்கிறான் அங்குசாமி. அவள் அவனுக்குச் சோறு பொங்கிப் போடுகிறாள், பணிவிடை செய்கிறாள். அவள் செய்யச் செய்ய வெறுப்பு கூடுகிறது. காரணம் கேட்டால் அவனுக்கே தெரியாது. கடைசியில் ஆற்றில் வெள்ளம் வருகிறது. அதில் நடப்பதை இங்கே எழுதிப் படிக்காதவர்களின் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று. ஏழைக் குடும்பம் என்றால் பாசத்தால் கட்டுண்டு கிடக்கும் என்று நாம் மலர்தோறும் எழுதிவருகிறோமே, அதற்கு அந்த நாவலின் கடைசிப் பக்கங்கள் பதில். வறுமை மனிதரைப் பிணைப்பதும் உண்டு, ஒருவர் கையை ஒருவர் உதற வைப்பதும் உண்டு. ஆற்று மணலையே கொள்ளை கொடுத்து முடித்துவிட்ட இந்தக் காலத்தில் அந்த நாவலை வேறொரு காரணத்துக்காகவும் படிக்கலாம். அது வேறு கட்டுரை.

இடையில் ஒரு செய்தி. 1978-ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. சில வருஷம் கழிந்து அப்பாவுக்கு அடையாள அட்டை கிடைத்தது. அதன்பிறகு யாரும் அவரை அடித்ததில்லை என்பதைக் கூட இருந்தவர்தான் சொன்னார். இன்று நம் சங்கத்துக் கூட்டங்களில் பேச்சு வந்தால், வீடு மாறியபோது சுமட்டுக்காரர்கள் கேட்ட கூலியையும் நோக்குகூலியையும் பற்றித்தான் பேசுகிறோம். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்கே கூலி வாங்குவது அநியாயம்தான். 2018 மே 1 முதல் அரசே அதைத் தடை செய்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கு நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அப்போதும் அப்பாவின் தொழிலைச் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டேன்.

கட்டுரையை ஏறத்தாழ இங்கேயே முடிக்கத்தான் நினைத்திருந்தேன். வீட்டுக் கதை மறைக்கும், இலக்கியம் திறக்கும். திறந்ததில் இலக்கியமும் ஒரு பக்கத்தை விட்டுவிட்டது. இதுதான் என் கட்சி. எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு. காது மந்தம், உரக்க வாசிக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அடித்த இடம் வந்தபோது, இதை இவளுக்கு வாசிக்கலாமா என்று ஒரு நொடி தயங்கினேன். முப்பது வருஷமாக நான் அவளிடம் இதைச் சொன்னதில்லை. தெரிந்தால் தாங்க மாட்டாள் என்ற எண்ணம். வாசித்தேன். அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது எனக்கு அப்பமே தெரியும்லா" என்றாள்.

முதல் சனிக்கிழமை அப்பா வராதபோதே, மறுநாள் பக்கத்து வீட்டு மாமாவைச் சாலைக்கு அனுப்பி விசாரித்திருக்கிறாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாம் சொல்லியிருக்கிறார். அம்மா பளுகலுக்குப் போய்த் தன் கம்மலை ஈடு வைத்து மூன்று வாரம் அடுப்பெரித்திருக்கிறாள். அப்பாவுக்கு ஆள் விட்டு வரச் சொல்லலாமே என்று கேட்டேன். "வந்தா என் மூஞ்சியில முழிக்கணும்லா. மனுஷன் தானா வரட்டும்னு விட்டேன்" என்றாள்.

மூன்றாவது சனிக்கிழமை கழிந்து அப்பா வந்தபோது துண்டு முனையில் ஒரு முடிச்சு இருந்ததாம். ஓடையோரத்தில் நனையாமல் கிடந்த ஒரு பிடி சீனி. மூன்று வாரமாக முடிந்து வைத்திருந்தது. பாதி மண், பாதி எறும்பு. அம்மா அதைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, போதாததற்குக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினாள்.

"சீனிப் பாயசம் எங்கயாவது அந்த நெறத்துல இருக்குமா மக்களே? நீ கணக்கு வாத்தியாருதானே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வருஷமாக அந்த நிறத்தை நினைத்துக்கொண்டிருந்தவன் நான், அச்சிலும் போட்டவன். ஒருமுறைகூட எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு கேட்டேன். கொக்கியில் மாட்டிக் கிழிந்தது, முதலாளி சிரித்தது, வேண்டியதை அள்ளிக்கோ என்றது, இதெல்லாம்?

"நீங்க மூணு பேரும் அப்பா ஏன் வரேல்லன்னு ராத்திரி ராத்திரி அழுதிய. ஒரு கதை வேணும்லா. அப்பா நெறைய சீனி கொண்டாரும், கடையில கொட்டிப் போச்சாம், மொதலாளி அள்ளிக்கிடச் சொன்னாராம்னு நான் சொல்லி வச்சேன். அவரு வந்து படியில ஏறினதும் நீதான் ஓடிப் போயி, அப்பா அப்பா சீனி எங்கன்னு கேட்ட. அவரு என்னைப் பாத்தாரு. நான் அடுப்பைப் பாத்தேன். பொறவு அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு."

வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, எழுதியதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மாடு நக்கியது, பிள்ளைகள் நிக்கரில் வாரியது எல்லாம் தலையாட்டிக் கேட்டாள்.

"மாடு நான் போட்டது" என்றாள். "காக்கா மட்டும் உங்க அப்பா போட்டது."